குடிவழியும் எந்திர அனுமானமும்

எந்திரம் விதியைக் கொண்டு விடை காண்பது எவ்வாறு? அதனை விளக்கக் கல்முனை, அக்கரைப்பற்று முதலிய கரையோர முஸ்லிம் ஊர்களின் 'குடி' மரபே போதும். தாய்வழியாக வரும் அம்மரபின் பழைய விதிகள் இரண்டு. ஒருவரின் குடி, அவருடைய உம்மாவின் குடியே. ஒரே குடியினர் தம்முள் மணம் செய்தல் ஆகாது.

இங்கு 'ஒருவர்' என்பது எவர் பெயரையும் ஏற்கும் இடம். தருக்க நூலார் அதனை மாறி என்பர். 'உம்மா' என்பதோ, ஒருவரைச் சொன்னால் அவருக்குரிய வேறொருவரை மட்டுமே சுட்டும். இது சார்பு எனப்படும்.

ஒரு பெண்ணும் அவள் உம்மாவின் தங்கை மகனும் மணக்கலாமா? எந்திரம் மாறியின் இடத்தில் இருவர் பெயரையும், பின் அவர்தம் உம்மாமாரின் பெயரையும் இட்டு மேலேறும். இரு வழியும் ஒரே மூதாட்டியிடம் கூடும். குடி ஒன்றே, மணம் ஆகாது. இவ்வாறு மாறிகளைப் பொருத்தி வாக்கியங்களை இணைத்து முடிவு காணும் முறையொன்றை 1965இல் ஜே. ஏ. ராபின்சன் வகுத்தளித்தார்.

ஆயின் உம்மாவின் உம்மா, அவருக்கும் உம்மா எனச் சார்பு முடிவின்றி நீளும். எங்கும் கூடாத வழிகளில் எந்திரம் ஓயாது ஏறிக்கொண்டேயிருக்கவும் கூடும். ஒரு முடிவு விதிகளிலிருந்து பெறப்படுமாயின் என்றேனும் கிட்டும். பெறப்படாதாயின், அதனை எப்போதும் அறிவிக்கவல்ல பொதுமுறை இல்லையென்று 1936இல் அலன்சோ சேர்ச்சும் அலன் டியூரிங்கும் தனித்தனியே நிறுவினர்.

ஆகவே எந்திரத்தின் மௌனத்தைத் 'தடையில்லை' என்னும் விடையாகக் கொள்ளலாகாது. எத்தலைமுறையோடு நிறுத்துவது என்பதை மனிதரே வரையறுத்தல் வேண்டும்.