தூக்கம் வரலையா? மெடிக்கலில் கேட்டு வாங்கும் ‘அந்த ஒரு மாத்திரை’ உண்மையில் என்ன செய்கிறது?

“அண்ணா, நைட்டெல்லாம் தூக்கமே வரல. ஏதாவது ஒரு மாத்திரை குடுங்க.”

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் நடக்கும் எந்த ஊரிலும் மெடிக்கல் ஷாப் வாசலில் கேட்கக்கூடிய பேச்சு இது. ஷூ கம்பெனியில் அன்றைய டார்கெட், விடிந்ததும் வந்து நிற்கும் கம்பெனி பஸ், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் மாவட்டத்து வெயில், அதில் காய்ந்து நடு ராத்திரி வரை சூடு ஆறாத கான்கிரீட் கூரை. தூக்கம் கெடக் காரணத்துக்கா பஞ்சம்? டாக்டரைப் பார்க்க அரை நாள் லீவு போட வேண்டும், அந்தச் சம்பளம் போகும். மெடிக்கலில் ரெண்டே நிமிஷம்.

அந்த ரெண்டு நிமிஷத்தில் கைக்கு வருவது பெரும்பாலும் தூக்க மாத்திரையே அல்ல.

அலர்ஜி மாத்திரையின் பக்க விளைவு

சீட்டு இல்லாமல் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அவில் போன்ற பழைய வகை அலர்ஜி மாத்திரை, இல்லையென்றால் டைஃபென்ஹைட்ரமின் கலந்த இருமல் சிரப். உடம்பில் அரிப்பு, தும்மலை உண்டாக்கும் ஹிஸ்டமின்தான் மூளையை விழிப்பாக வைத்திருக்கவும் உதவுகிறது. இந்த மருந்துகள் மூளைக்குள்ளும் போய் அதை மறித்துவிடுகின்றன. அதனால் கண் சொக்குகிறது. அதாவது, மருந்தின் பக்க விளைவைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இந்தப் பக்க விளைவும் நிலைப்பதில்லை. டைஃபென்ஹைட்ரமினைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், முதல் நாள் வந்த மயக்கம் நான்காம் நாள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. ‘முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குது’ என்று ஒன்று இரண்டாவது இப்படித்தான்.

மயக்கம் தேவைப்படாத நேரத்தில் அது மிச்சம் இருப்பதுதான் பெரிய சிக்கல். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், 40 பேரை டிரைவிங் சிமுலேட்டரில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். 50 மில்லிகிராம் டைஃபென்ஹைட்ரமின் எடுத்தபோது, மது குடித்திருந்தபோது ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். ‘எனக்கு ஒண்ணும் தூக்கம் வரலையே’ என்று ஒருவர் சொல்வதை வைத்து அவர் எப்படி ஓட்டுவார் என்று கணிக்க முடியவில்லை என்பது இன்னொரு முடிவு. கட்டிங் பிரஸ்ஸில் கை வைப்பவருக்கும், தையல் மிஷினில் உட்காருபவருக்கும், குடியாத்தம் ரோட்டில் பைக்கில் போகிறவருக்கும் இது வெறும் ஆய்வகச் செய்தி இல்லை.

வயதானவர்களுக்கு இந்த மாத்திரைகள் இன்னும் ஆபத்து. குழப்பம், சிறுநீர் அடைப்பு, ராத்திரி எழுந்து போகும்போது தடுமாறி விழுவது என்று வரிசையாக வரும். “அப்பாவுக்கும் ஒண்ணு குடுங்க” என்று வாங்கிப் போவதை முதலில் நிறுத்தலாம்.

பக்கத்து வீட்டு அட்டை

உண்மையான தூக்க மாத்திரைகளான அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை ‘எச் 1’ அட்டவணையில் இருக்கின்றன. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, இவற்றை டாக்டர் சீட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் ‘இது தர முடியாதும்மா’ என்று சொன்னால் அவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு அட்டை இருக்கும். அங்கே பதிவேடு ஏது? சோல்பிடெம் பெண்களின் உடம்பிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது என்று தெரிந்து, 2013-ல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பெண்களுக்கான ஆரம்ப அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. இந்தப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெண்களே அதிகம் என்பதை இங்கே நினைவில் வைக்கலாம். இன்னொன்று: அல்பிரசோலத்தை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரை போகலாம். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தோல் ஆராய்ச்சியில் கிடைத்த மெலடோனின்

ஆன்லைனில் ஆர்டர் போடும் இளைஞர்கள் இப்போது அதிகம் தேடுவது மெலடோனின். இதற்கும் தோலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1958-ல் இதைப் பிரித்தெடுத்த யேல் பல்கலைக்கழகத்து ஆரோன் லெர்னர் ஒரு தோல் மருத்துவர். தோல் நிறத்தை மாற்றும் பொருளைத் தேடி, ஆயிரக்கணக்கான மாடுகளின் பினியல் சுரப்பிகளை அரைத்துத்தான் இதைக் கண்டெடுத்தார்.

மெலடோனின் ஆளை அடித்துப் போடும் மருந்து அல்ல. ‘இருட்டிவிட்டது’ என்று உடம்புக்குச் சொல்லும் சேதி. ஷிஃப்ட் மாறுபவர்களுக்கும், நீண்ட தூரம் விமானத்தில் பறந்து வருபவர்களுக்கும் ஓரளவு பலன் தரலாம். மற்றவர்களுக்கு? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ம் ஆண்டு கணக்கில், தூக்கம் சராசரியாக 7 நிமிடம் சீக்கிரம் வந்தது. அவ்வளவுதான்.

லேபிளையும் முழுசாக நம்ப முடியாது. அமெரிக்காவில் விற்கும் 25 மெலடோனின் கம்மி மிட்டாய்களை 2023-ல் சோதித்தபோது 22-ல் அளவு தவறாக இருந்தது. ஒன்றில் மெலடோனினே இல்லை.

வீட்டு வைத்தியத்தில், பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காயால் பாதகம் இல்லை. ஆனால் ஸ்பூன் கணக்கில் போட்டால் அது விஷம். பிரமை, படபடப்பு வரும். சித்த மருத்துவத்தின் அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, சில சின்ன ஆய்வுகளில் கொஞ்சம் உதவியிருக்கிறது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது, தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. கசகசா பால் குடிப்பவர்கள், வளைகுடாவுக்குப் போகும்போது அந்தப் பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். சவூதியிலும் அமீரகத்திலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள்.

கால் குடைச்சலா?

படுத்ததும் கால் குடைகிறது, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, எழுந்து நடந்தால் சரியாகிறது. இதை ‘நாள் முழுக்க நின்ற அசதி’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் கால் அமைதியின்மையாகவும் இருக்கலாம். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று சொல்கிறது. இவர்களில் சிலருக்கு உண்மையிலேயே தூக்கம் தரக்கூடிய சப்ளிமென்ட் இரும்புச்சத்து மாத்திரையாக இருக்கலாம். ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்த்துவிட்டுத் தொடங்கினால் போதும். இந்த நேரத்தில் அவில் போட்டால் குடைச்சல் இன்னும் கூடும்.

அதேபோல, பெரிதாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருபவருக்குத் தூக்க மாத்திரை தொந்தரவை மோசமாக்கும்.

மாத்திரை இல்லாத மருத்துவம்

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, ‘சிபிடி-ஐ’ எனும் பழக்க மாற்று சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. கேட்க எளிது, செய்ய முதல் ரெண்டு வாரம் கஷ்டம். ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். தூக்கம் வந்தால் மட்டும் படுக்கை. 20 நிமிடம் ஆகியும் வரவில்லையா, எழுந்து வந்துவிட வேண்டும். புரண்டுகொண்டே போனைப் பார்ப்பது கூடாது. மிஷினிலும் வண்டியிலும் வேலை இருப்பவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்கலாம், ஆரம்ப நாட்களில் பகலில் அசதி இருக்கும். சாயங்கால டீயை மூன்று மணிக்கு முன்னால் நகர்த்துவதும், படுக்கும் முன் குளிப்பதும், கூரை ஆறும் வரை மொட்டை மாடியில் படுப்பதும் செலவில்லாதவை. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுபவர்களுக்கு மாத்திரையைவிட மதியம் அரை மணி நேரக் கண்ணயர்வு மேல்.

வாரத்தில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதமாகத் தூக்கம் இல்லையென்றால் மெடிக்கலைத் தாண்டிப் போக வேண்டியதுதான். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். லீவு கிடைக்காதவர்கள் டெலி-மானஸ் எண் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். டாக்டரிடம் போகும்போது இதுவரை போட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் சிரப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். ‘வெள்ளையா சின்னதா ஒரு மாத்திரை’ என்று சொன்னால் அவருக்கும் தெரியாது.