இடுப்பு பிடித்துக்கொண்டால் படுக்கலாமா?

தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிகிறோம். ‘சுரீர்’ என்று ஒரு வலி, நிமிர முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. “அசையாம படு, ஒரு வாரத்துல சரியாயிடும்” என்பார்கள் வீட்டில். முன்பு மருத்துவர்களும் இதையேதான் சொன்னார்கள். இன்று அவர்கள் சொல்வது வேறு: முடிந்தவரை நடமாடுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, இந்த எலும்பு, இந்த நரம்பு என்று ஒரு காரணத்தைக் குறிப்பாகச் சுட்ட முடியாது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிகிற வலி இது.

ஹெல்சிங்கி சொன்ன பாடம்

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் திடீர் இடுப்பு வலியோடு வந்த 186 மாநகராட்சி ஊழியர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு. இன்னொரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாம் பிரிவினர் வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்தார்கள். 1995இல் முடிவு வெளியானது. வேகமாகத் தேறியவர்கள் வழக்கம்போல் நடமாடியவர்கள். மெதுவாகத் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள்.

முதுகெலும்பைத் தாங்கிப் பிடிப்பவை சுற்றியுள்ள தசைகள். படுத்தே கிடந்தால் அவை வலுவிழக்கும், மூட்டுகள் இறுகும். ‘அசைந்தால் கெட்டுவிடும்’ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். பயத்தால் அசையாமல் இருப்பதும், அசையாததால் வலி நீடிப்பதும் ஒன்றையொன்று வளர்க்கும்.

ஸ்கேன் கிளப்பும் பயம்

“ஜவ்வு விலகியிருக்கு” என்று ஸ்கேன் அறிக்கையில் பார்த்ததும் பலருக்கு உயிரே போய்விடுகிறது. 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஓர் இடத்திலாவது முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கியிருந்தது! வயதானால் தலைமுடி நரைப்பதுபோல ஜவ்வும் தேய்கிறது. படத்தில் தெரிகிற தேய்மானம்தான் வலிக்குக் காரணம் என்று உடனே முடிவுகட்ட முடியாது.

என்ன செய்யலாம்?

வலி கடுமையாக இருக்கும்போது சிறிது நேரம் படுக்கலாம். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தால் இதமாக இருக்கும். பிறகு எழுந்து வீட்டுக்குள்ளாவது நடக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் இறுகிய தசைக்கு நல்லது. பாரசிட்டமால் மாத்திரை குணமாகும் நாட்களைக் குறைக்கவில்லை என்று 2014இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. மற்ற வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். நாள்பட்ட வலிக்கு இடுப்பு பெல்ட்டும் முதுகை இழுத்துப் பிடிக்கும் ‘டிராக்‌ஷனும்’ வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தந்த அறிவுரை.

வலி போனபின்தான் முக்கியமான வேலை. இடுப்பு வலி திரும்பத் திரும்ப வரும் விருந்தாளி. வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினர் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் நடையைப் படிப்படியாகக் கூட்டினார்கள். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பது இலக்கு. நடக்காதவர்களுக்குச் சராசரியாக 112 நாட்களில் திரும்பிய வலி, நடந்தவர்களுக்கு 208 நாட்கள் கழித்தே வந்தது. செலவு, ஒரு ஜோடி செருப்பு!

தாமதிக்கக் கூடாத நேரம்

சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவை நரம்பு நசுங்குவதன் அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கீழே விழுந்தபின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் பயப்படாமல் எழுந்திருங்கள். இன்று வாசல்வரை, நாளை தெருமுனைவரை நடந்துவிட்டு வாருங்கள்.