பிரேக் பேட்டை மாற்றும் நேரம் எது?

பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவது, உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வது, சந்தைக்குப் போய்வருவது என்று வீட்டுக் காரின் ஓட்டத்தில் பெரும் பங்கு இன்று பெண்களின் கையில்தான் இருக்கின்றது. ஆனால், "பிரேக் பேட் மாற்ற வேணும்" என்று கராஜில் சொல்லப்பட்டதும் பேச்சு ஆண்களிடம் போய்விடுகின்றது. கணவர் வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியில் கேட்கப்படும். காரைக் கண்ணால் காணாத அவர், "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்பார். அல்லது, "அவங்க சொல்றதைச் செய்யச் சொல்லு" என்பார். இரண்டும் பார்க்காமல் சொல்லும் தீர்ப்புத்தான்.

காசு விடயம் என்பதால் தயக்கம் இயல்பானதே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடமும் பழைய கார்களைத்தான் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓடினோம். 2022 நெருக்கடிக்குப் பின் உதிரிப்பாகங்களின் விலையோ சொல்லத் தேவையில்லை. தள்ளிப்போடக் கூடியவை பல உண்டு. கதவில் விழுந்த நெளிவு ஒரு வருடம் இருக்கட்டும், ஏ.சி. இல்லாமலும் ஓடலாம். பிரேக் பேட் அந்த வரிசையில் சேராது. அதற்காக, கராஜில் சொன்ன அன்றே மாற்றிவிட வேண்டும் என்பதும் இல்லை. அளந்து பார்த்து முடிவெடுக்கக் கூடிய பொருள் அது.

சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுத்தான் டிஸ்க். நாம் பிரேக்கை மிதிக்கும்போது இரண்டு பேட்டுகள் இரு பக்கமும் நின்று அதை நெருக்கிப் பிடிக்கின்றன. பேட் என்பது இரும்புத் தகட்டில் ஒட்டப்பட்ட ஒரு தேய்மானப் பொருள். பிள்ளைகளின் அழிறப்பரைப் போல, தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. புதிதாக இருக்கும்போது அந்தப் பொருளின் தடிப்பு ஏறக்குறைய 10 மில்லிமீற்றர். 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவதே புத்தி. வீட்டு அளவு ஒன்று சொல்கிறேன்: தீக்குச்சியின் தடிப்பு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். மிஞ்சியிருப்பது ஒரு தீக்குச்சி அளவுதான் என்றால் தவணை கேட்கும் காலம் முடிந்துவிட்டது.

சத்தம் வரும்வரை காத்திருக்கலாமா? பல பேட்டுகளில் ஒரு சிறிய தகட்டு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் குறிப்பிட்ட அளவு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி 'கீச்' என்று கத்தும். மழை பெய்த மறுநாள் காலையில் வரும் உரசல் வேறு. அது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. நாலைந்து தடவை பிரேக் மிதித்ததும் போய்விடும். போகாமல் நாளும் பொழுதும் தொடரும் கீச்சொலிதான் எச்சரிக்கை. அது மாறி 'கரகர' என்று அரைக்கும் சத்தம் வந்தால், பேட் முற்றாகத் தேய்ந்து இரும்பும் இரும்பும் உரசுகின்றன என்றே எண்ண வேண்டும். அதன்பின் கார் நிற்கும் தூரமும் கூடும். பேட்டோடு டிஸ்க்கையும் மாற்ற நேரிடும். மிச்சம் பிடித்தது எல்லாம் அங்கே போய்விடும். எல்லாப் பேட்டிலும் அந்த நாக்கு இருப்பதில்லை என்பதால், சத்தத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது.

பல வீடுகளில் நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு எரியும். ஹேண்ட் பிரேக் இறக்கித்தான் இருக்கும். உடனே மச்சானோ தம்பியோ வந்து பொனட்டைத் திறந்து, பிரேக் ஒயில் குறைந்திருக்கிறது என்று ஒரு போத்தல் வாங்கி ஊற்றுவார். விளக்கு அணையும். எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் ஒயில் ஏன் குறைந்தது? பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நீண்டு வரும். அது விட்ட இடத்தை நிரப்ப ஒயில் இறங்கும். ஆகவே, மட்டம் இறங்குவது பேட் தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. அது அதைவிட மோசம். ஊற்றி நிரப்புவது காய்ச்சலைப் பார்க்காமல் தேமாமீற்றரை உடைப்பது போன்றது. விளக்கு எரிந்தால் முதலில் சில்லைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கினால் காரை எடுக்கவே வேண்டாம்.

சில்லைக் கழற்றிப் பார்ப்பது ஏன்? அலோய் சில்லின் இடைவெளியால் டோர்ச் அடித்தால் வெளிப்பக்கப் பேட் மட்டுமே தெரியும். கலிப்பர் நகரும் பின் இறுகிப்போன கார்களில் உள்பக்கப் பேட் முடிந்திருக்கும். வெளிப்பக்கம் பாதிகூடத் தேய்ந்திருக்காது. "பாஸ், உள்பக்கத்தையும் காட்டுங்க, எத்தனை மில்லி இருக்கு?" என்று கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? நாணயமான கராஜ்காரர் கோபப்பட மாட்டார். கழற்றிய பழைய பேட்டையும் கேட்டுப் பாருங்கள். மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடாது. இடம், வலம் இரண்டு சில்லுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

ஹைபிரிட் கார்களில் மோட்டாரும் வேகத்தைக் குறைக்க உதவுவதால் பேட் நீண்ட காலம் வரும். அதையே நம்பிப் பார்க்காமல் விட்டால், அதிகம் வேலை செய்யாத அந்தப் பின்கள் துருப்பிடித்து இறுகும்.

எந்த ஊரில் ஓடுகிறோம் என்பதும் முக்கியம். 4 மில்லிமீற்றர் மிஞ்சிய பேட்டோடு ஊருக்குள் சில காலம் ஓடலாம். அதே காரில் குடும்பத்தோடு பெருநாள் விடுமுறைக்கு நுவரெலியா போவதென்றால் என் தீர்ப்பு வேறு: மாற்றிவிட்டுப் போங்கள். ரம்பொடைப் பக்கமோ, கடுகண்ணாவையிலிருந்து மாவனல்லைக்கோ இறங்கும்போது பிரேக் விடாமல் சூடேறும். மெலிந்த பேட் அந்தச் சூட்டை ஒயிலுக்குக் கடத்திவிடும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. பழைய ஒயில் குறைந்த சூட்டிலேயே கொதித்து, மிதித்த பெடல் வெறுமையாக இறங்கும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். பேட் புதிதானாலும் இறக்கத்தில் குறைந்த கியரில்தான் இறங்க வேண்டும்.

புதுப் பேட் போட்டதும் காரை நகர்த்துமுன் பிரேக்கைப் பல தடவை மிதித்து, பெடல் இறுகுகிறதா என்று பாருங்கள். பின்னே தள்ளப்பட்ட பிஸ்டன் முன்னே வரும்வரை முதல் மிதிப்பில் பிரேக் பிடிக்காது. முதல் இருநூறு முந்நூறு கிலோமீற்றருக்குத் தேவையின்றிச் சடாரென்று பிரேக் அடிக்காதீர்கள்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டால் எல்லாருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. உங்கள் காருக்கான கணக்கை நீங்களே போடலாம். 10 மில்லிமீற்றரில் போட்டது 30,000 கிலோமீற்றர் ஓடி 4 மில்லிமீற்றர் ஆகியிருந்தால், ஒரு மில்லிமீற்றருக்கு 5,000 கிலோமீற்றர். மாதம் 800 கிலோமீற்றர் ஓடும் வீட்டுக்கு, 3 மில்லிமீற்றரைத் தொட இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. காசு சேர்க்க அவகாசம் உண்டு. காஸ் சிலிண்டர் மாட்டிய திகதியைக் குறித்து வைக்கும் அதே கலண்டரில், பேட் போட்ட திகதியையும் அன்றைய கிலோமீற்றரையும் எழுதி வையுங்கள். வருடம் முடிந்து கலண்டரை மாற்றும்போது அந்தத் தாளைக் கிழித்து, கார்ப் புத்தகத்துக்குள் வைக்கவும் மறக்க வேண்டாம்.