மூப்பை ஒத்திவைத்த பறவை

1956 டிசம்பர். பசிபிக் கடல் நடுவே மிட்வே தீவில், லேசான் ஆல்பட்ராஸ் ஒன்றின் காலில் வளையம் மாட்டினார் அமெரிக்கப் பறவையியலாளர் சாண்ட்லர் ராபின்ஸ். அவருக்கு வயது 38. 2002-ல் அதே தீவில் அவர் பிடித்த பறவைகளில் ஒன்றின் எண்ணைப் பதிவேட்டில் தேடியபோது, அது தாமே வளையமிட்ட பறவை என்று தெரிந்தது. ராபின்ஸுக்கு அப்போது 83. 'விஸ்டம்' என்று பெயர் பெற்ற அந்தப் பறவையோ, 2017-ல் அவர் மறைந்த பிறகும் முட்டையிட்டது. பழைய துணையைக் காணாமல் புது ஜோடி சேர்ந்து 2024 நவம்பரில் இட்ட முட்டை, 2025 ஜனவரியில் பொரிந்தது. தாய்க்குக் குறைந்தது 74 வயது!

பழைய கணக்குப்படி பறவைகள் சீக்கிரமே சாகவேண்டும். உடல் வேகமாக எரிந்தால் ஆயுள் குறையும் என்று 1920களில் நம்பினார்கள். பெரும்பாலான பறவைகளின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியது. ரத்தச் சர்க்கரையோ நம் டாக்டர்கள் அலறும் அளவு. இருந்தும் அதே எடையுள்ள பாலூட்டிகளைவிடப் பொதுவாக அதிக காலம் வாழ்கின்றன. செல்லமாக வளர்த்தாலும் சுண்டெலி 3 ஆண்டைத் தாண்டுவது அபூர்வம்.

முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியவர் பீட்டர் மெடவார். காட்டில் கிழடாகும் வரை பிழைப்பவை சொற்பம். எனவே பிந்தைய வயதில் கெடுதல் செய்யும் மரபணுக்களை இயற்கைத் தேர்வு கண்டுகொள்வதில்லை என்றார் அவர், 1951-ல். இளமையில் இனவிருத்திக்கு உதவும் மரபணுவே முதுமையில் வட்டியோடு வசூலிக்கலாம் என்று 1957-ல் சேர்த்தார் ஜார்ஜ் வில்லியம்ஸ். பூனை துரத்தும் சுண்டெலிக்கு நாளை நிச்சயமில்லை. உடலைப் பழுதுபார்த்து என்ன பயன்? அவசரமாகக் குட்டி போடுவதே லாபம். சிறகிருந்தால் தப்பலாம், நிதானிக்கலாம். வௌவால்களின் நீண்ட ஆயுளும் இப்படித்தான்.

காகிதத்தில் சரி, காட்டில்? ஜார்ஜியா கரையோரம் பகை விலங்குகள் குறைந்த சப்பேலோ தீவின் ஒப்போசம்களை ஆராய்ந்தார் ஸ்டீவன் ஆஸ்டட். பல ஆயிரம் ஆண்டுகள் தனித்திருந்த அவை, பெருநிலத்து உறவுகளைவிட மெதுவாக மூப்படைந்தன. வால் தசைநாண்கள்கூடத் தாமதமாகவே விறைத்தன. ஈற்றுக்குக் குட்டிகள் மட்டும் குறைவு. 1993-ல் வெளியான இந்த முடிவு கோட்பாட்டுக்குப் பெரிய பலம்.

ஆல்பட்ராஸின் வியாபாரமும் இதுதான்: ஒரு பருவத்துக்கு ஒரே முட்டை, வளர்ந்த பறவை எளிதில் சாகாது என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கையைத்தான் மீன்பிடிக் கப்பல்களின் நீண்ட தூண்டில் கயிறுகள் உடைக்கின்றன. கொக்கியில் சிக்கி மூழ்கும் ஒரு தாய்ப் பறவையின் இடத்தை நிரப்பப் பல ஆண்டுகளாகும். மிட்வேயில் செத்துக் கிடக்கும் குஞ்சுகளின் வயிற்றிலோ, பாட்டில் மூடிகளும் சிகரெட் லைட்டர்களும்.