பழைய வண்டிக்குப் புதிய கால்

உங்கள் வீட்டு வாசலில் பழைய டீஸல் ஸ்விப்ட் வண்டி நிற்கிறதா? 2007-ல் இந்தியாவில் வந்த வண்டி அது. 2020-ல் மாருதி கம்பெனி டீஸல் வண்டிகளையே நிறுத்திவிட்டது. ஆகவே, இருப்பதைப் போற்றி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"1,248 ஸி.ஸி. எஞ்சின், தங்கம்!" என்று வீட்டுக்காரர் பெருமை பேசுவார். பேசட்டும். நீங்கள் போய், வண்டியின் முன்பக்கத்து மூலையைப் பலமாக அழுத்திக் கையை எடுங்கள். எழும்பி உடனே அடங்கினால் சரி. தொட்டில் மாதிரி இரண்டு மூன்று தரம் ஆடினால், ஷாக் அப்சார்பருக்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

முதுகுவலி மட்டுமா? பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். அடக்க ஆள் இல்லாவிட்டால் சக்கரம் சாலையில் தத்தும். தத்துகிற சக்கரத்துக்குப் பிரேக் போட்டு என்ன பயன்? குழந்தை குறுக்கே ஓடி வரும்போது நாலு முழம் தள்ளி நின்றால் போதுமா?

ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றச் சொல்லுங்கள். காஸ் நிரப்பியது கிடைத்தால் நல்லது. ரப்பர் புஷ், பால் ஜாயிண்டுகளையும் பார்க்கட்டும். அந்தக் 'கடக் கடக்' பெரும்பாலும் அவற்றின் புலம்பல்தான். மலிவென்று பெட்ரோல் வண்டியின் முன் ஸ்பிரிங்கை மாட்டிவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை! டீஸல் எஞ்சின் கனம் அதிகம். வண்டியைத் தாழ்த்த வேண்டுமென்று மைத்துனப் பிள்ளை ஆசைப்பட்டால், நம் ஊர் வேகத் தடைகளை ஞாபகப்படுத்துங்கள்.

இன்னொன்று. புஷ் போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்து இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பட்டறையில் இதை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்; மெக்கானிக் நிமிர்ந்து பார்ப்பார். அலைன்மெண்ட் சரி பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.