நல்ல பாம்பு கடித்த இடம் ஏன் அழுகுகிறது?

பாகூர் வயலில் நாகம் கடித்தால், உயிர் பிழைத்தவருக்கும் கடிவாயில் சதை கறுத்து அழுகுவதுண்டு. பல் பட்டது ஓரிரு புள்ளிதானே, புண் ஏன் இவ்வளவு பெரிது?

நம் செல் ஒவ்வொன்றையும் மெல்லிய கொழுப்புப் படலம் மூடியிருக்கிறது. காய்ச்சிய பாலின் ஆடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாகநஞ்சில் சுமார் 60 அமினோ அமிலங்களே கொண்ட குட்டிப் புரதங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று விரல்கள் (விஞ்ஞானிகளே அப்படித்தான் சொல்கிறார்கள்!). நேர்மின்னூட்டம் அவற்றைப் படலத்தோடு ஒட்டவைக்கும். எண்ணெய்ப்பசை விரும்பும் விரல்நுனிகள் ஆடைக்குள் புதையும். பல சேர்ந்து குத்தினால்? ஆடை கிழியும், செல் சாகும். நஞ்சு பரவும் இடமெல்லாம் இதே கதை; அதனால்தான் புண் பெரிது.

1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து முறிமருந்து தயாராகிறது. அது சுற்றித் திரியும் நஞ்சைப் பிடிக்கும். செத்த செல்லை மீட்காது. அதனால் மேலும் சதை சாகும்படி கடிவாயைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.