மேட்டில் திணறும் பழைய பிக்அப்: எஞ்சினைப் பிரிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

இமாச்சலப் பிரதேச மலைச்சாலைகளில் ஆப்பிள் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் பழைய டீசல் பிக்அப் வாகனங்களில் இழுவை குறைந்து, எஞ்சினில் சத்தம் எழுவதுண்டு. அதற்காக உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

எஞ்சின் சுழற்சி கூடியும் வண்டியின் வேகம் கூடவில்லை எனில், கிளட்ச் தட்டு தேய்ந்து வழுக்கக்கூடும். சுழற்சியே கூடவில்லை எனில், காற்று வடிகட்டியையும் டீசல் வடிகட்டியையும் முதலில் பார்க்க வேண்டும். கரும்புகையுடன் 'உஸ்' என்ற ஓசை கேட்டால், டர்போ காற்றுக்குழாயில் வெடிப்போ தளர்வோ இருக்கலாம்.

'டக் டக்' என்ற கூர்மையான சத்தத்துக்கு இன்ஜெக்டர் பழுதும் காரணமாகலாம். பழைய வகை பம்ப் கொண்ட எஞ்சின்களில் மெக்கானிக்குகள் இன்ஜெக்டர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பழுதான சிலிண்டரைக் கண்டறிவர். காமன் ரெயில் எஞ்சினில் அவ்வாறு செய்யவே கூடாது. அதில் டீசல் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும்; பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும்.

அடிப்பகுதியிலிருந்து கனத்த தட்டல் ஓசையுடன் ஆயில் விளக்கும் எரிந்தால், பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். அந்நிலையில் வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி, எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். மேற்கொண்டு ஓட்டினால் கிராங்க் தண்டும் பழுதாகி, செலவு பன்மடங்காகும்.